ஹைட்ரோஸ் இல்லாத நீலம்

அண்ணன் திருப்பூரில் இருந்தபோது
அவன் வேலையை யாருக்கும் விளக்க முடியவில்லை.
புது ஜீன்ஸைப் பழசாக்குவேன் என்பான்.
அதற்கொரு சம்பளமா என்று
பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்டார்கள்.

ஒரு உருப்படிக்கு எத்தனை குடம் என்று
விரல் மடக்கி எண்ணத் தொடங்கியவன்
பத்தும் தீர்ந்து
எங்கள் விரல்களைக் கடன் கேட்டான்.
நகக்கண்ணில் எப்போதும் நீலம்.
அவன் பிசைந்து ஊட்டிய சோற்றை
என் மகள் ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.
அதற்குப் பிறகு அவன் ஊட்டவில்லை.

நான் காரைக்குடியில்,
செக்காலை ரோட்டுக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட சின்ன ஆய்வுக்கூடத்தில்
ஒப்பந்தச் சம்பளத்துக்கு
மின்தகடு தேய்த்துக் கழுவுகிறவள்.

நீலம் தண்ணீரில் கரையாது.
கெஞ்சினாலும் கொதிக்க வைத்தாலும் கரையாது.
கரைக்க ஹைட்ரோஸ் என்றொரு வெள்ளைப் பொடி,
அணைந்த தீக்குச்சி நாற்றம்.
வேலை முடிந்ததும் உப்பாகிச் சாக்கடைக்கு இறங்கும்.
சாக்கடை ஆற்றுக்கு.
ஆறு கிணற்றுக்கு.
கிணறு, வேறு வழியில்லாமல், தென்னைக்கு.

இருதயராஜ் சார் சொன்னது ஒரே வரி:
பொடி செய்கிற வேலையை மின்சாரம் செய்யட்டுமே.
பாடத்தில் இதற்கு ஒடுக்கம் என்று பெயர்.
சித்தர் அடங்கிய இடத்தையும்
எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன்.
பெனாசிர் சிரித்தாள்:
அப்போ தொட்டிக்கு மாலை வாங்கணுமா?

பதினோரு மாதம்
நீலம் அடங்கவில்லை.
ஒரு நாள் மேலே படலம், ஒரு நாள் அடியில் சேறு,
ஒரு நாள் எல்லாம் கூடி வந்து
சரியாக மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
மஞ்சளாகியிருந்த தொட்டி
ஓரத்திலிருந்து மெல்ல
தன் பழைய குணத்துக்குத் திரும்புவதை
டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம்.
சார் மட்டும் குடிக்கவில்லை.

பிறகு கூரையில் ஆறு சோலார் பலகை.
சும்மா கிடைக்கிறதே என்று
இந்த வெயிலைத் திட்டி மட்டுமே பழகியிருந்தோம்.
மாசிக் கடைசியில் அதற்கு ஒரு வேலை கொடுத்தோம்.

அன்று அண்ணன் வந்திருந்தான்.
அவனையே நூல்கண்டை முக்கச் சொன்னேன்.
எடுத்தால் மஞ்சள்,
பழுக்க மறந்த எலுமிச்சை மாதிரி.
சாயமே ஏறலையே, என்றான்
எனக்காக வருத்தப்படுகிற குரலில்.
பொறு, என்றேன்.

காற்று வந்து தொட்டது.
முதலில் பச்சை.
அப்புறம் மயில்கழுத்து.
அப்புறம், நாங்கள் யாரும் பேசாத ஒரு நிமிடத்தில்,
நீலம்.

அலசிய முதல் வாளி கலங்கியது.
இரண்டாவது லேசாக.
மூன்றாவதில் சம்பை ஊற்றுத் தண்ணீர்
வந்தபடியே நின்றது.
அண்ணன் குனிந்து முகர்ந்தான்,
தீக்குச்சியைத் தேடினான்.
எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கீங்க, என்றான்.

ஒளிக்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்:
தொட்டியில் காரம் இன்னும் இருக்கிறது.
மழைநாளுக்கு என்ன செய்வதென்று தெரியாது.
ஒரு நூல்கண்டு ஒரு ஆலை ஆகிவிடாது.
ஆலைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு
மீட்டருக்கு எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேட்டார்.
சார் சொன்ன தொகை அவருக்குப் போதவில்லை.

நீலம் சரி, என்றான் அண்ணன் வாசலில்.
வெளுக்கிறதுக்கு என்ன வச்சிருக்கே?
கல்லும் மருந்துமாய் அடிச்சுத்தானே ஆகணும்?

பதில் இல்லாமல் நின்றேன்.
எதிர்வீட்டு முன்கூடத்தில் ராக்கப்பன்
ஆத்தங்குடிக் கல் பதித்துக்கொண்டிருந்தார்.
மண்டியிட்டு நகர்ந்து, மண்டியிட்டு நகர்ந்து.
அவர் ஜீன்ஸின் முழங்காலில்
பால்வெள்ளை, விளிம்பில் சாம்பல்,
தொடைப்பக்கம் மீசை மீசையாய்ச் சுருக்கக் கோடு.
அண்ணன் ரோட்டைக் கடந்து போனான்.
குனிந்து, கண் சுருக்கி,
தொழில் தெரிந்தவன் பார்வையில் பார்த்தான்.

எந்த யூனிட் வாஷ்ணே இது?

முட்டி, என்றார் ராக்கப்பன்,
நிமிராமல்.
அஞ்சு வருஷம் ஆச்சு.